படத்தில் கண்ட ஒட்டுப்போர்வையைத் துணியில் தைப்பது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் தையல் தெரிந்த பெண்களுக்கும் குறைவில்லை, மீந்துபோன துணிக்கும் குறைவில்லை. தீபாவளி நெருங்கும்போது தையற்கடைகளில் ரவிக்கை, பஞ்சாபி சூட், பாஜு கூரோங் என்று தைத்துக் குவிப்பார்கள். வெட்டி ஒதுக்கிய துண்டுகளும் மூட்டை மூட்டையாகச் சேர்ந்துவிடும். மலாய்க்காரர்கள் கைன் பெர்ச்சா என்று அழைக்கும் அந்த வெட்டுத்துணியைக் கேட்டால், பெரும்பாலும் காசு வாங்காமலே கொடுத்துவிடுவார்கள். அதைக்கொண்டு ஒட்டுப்போர்வையோ தலையணை உறையோ தைக்க விரும்புகிறவர்கள் அநேகமாகக் கைப்பேசியில் ஒரு படத்தை வைத்துக்கொண்டுதான் தொடங்குகிறார்கள். படத்தில் அழகான நட்சத்திரம் இருக்கும். எத்தனை அங்குலம், எத்தனை துண்டு, எதை எதோடு முதலில் இணைப்பது என்ற விவரம் எதுவும் இருக்காது.

அந்த விவரம் முழுவதையும் படத்திலிருந்தே எடுத்துவிடலாம். கூட்டலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். மாற்றிக்கொள்ள வேண்டியது பார்வையை மட்டும்தான். புதியவரின் கண் முதலில் வண்ணத்தையும் உருவத்தையும் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான், "அக்கா, இந்த நட்சத்திரத்தை எப்படி வெட்டுவது?" என்று கேட்கத் தோன்றுகிறது. உண்மையில் நட்சத்திரம் என்று ஒரு துண்டு அங்கே கிடையாது. இருப்பவை சதுரங்களும் முக்கோணங்களும், அவற்றை இணைத்திருக்கும் நேர்த்தையல்களுமே. உருவத்தை மறந்துவிட்டுத் தையல் கோட்டைத் தேடுங்கள் என்பதுதான் நான் வலியுறுத்த விரும்புவது. கீழே வரும் படிகள் எல்லாம் அதிலிருந்து கிளைப்பவை.

பிளாக் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது

ஒட்டுப்போர்வையின் மேற்பரப்பு பெரும்பாலும் ஒரே அளவுள்ள சதுரங்களைத் திரும்பத் திரும்ப அடுக்கி இணைத்தது. அந்தச் சதுரம் ஒவ்வொன்றுக்கும் பிளாக் என்று பெயர். முழுப் போர்வையையும் தைக்கக் கற்க வேண்டியதில்லை. ஒரு பிளாக்கைத் தைக்கத் தெரிந்தால் மற்றவை எல்லாம் அதன் பிரதிகள். ஆகவே முதல் வேலை, படத்தில் ஒரு பிளாக்கைத் தனியாகப் பிரித்து அடையாளம் காண்பது.

இதில் தடுமாற்றம் வருவதற்குக் காரணம் உண்டு. நான்கு பிளாக்குகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில், அவற்றின் மூலைத் துண்டுகள் சேர்ந்து புதிய உருவம் ஒன்றைக் காட்டும். ஒரு பிளாக்கின் மூலையில் கறுப்பு முக்கோணம் இருந்தால், நான்கு பிளாக்குகள் கூடும் இடத்தில் சாய்ந்து நிற்கும் கறுப்புச் சதுரம் ஒன்று தெரியும். கண் அதைத்தான் முதலில் பார்க்கும். அதையே பிளாக்கின் நடுப்பகுதி என்றும் எண்ணிக்கொள்ளும். இதைத் தவிர்க்கப் போர்வையின் நடுவை விட்டுவிட்டு மூலைக்குப் போங்கள். கரையோரப் பட்டையை ஒதுக்கிவிட்டால், மூலையில் இருக்கும் பிளாக் அரைகுறையாக இல்லாமல் முழுமையாக இருக்கும். அங்கிருந்து வலப்பக்கம் நகர்ந்து, அதே துண்டு அதே திசையில் மறுபடியும் எங்கே வருகிறது என்று பாருங்கள். அவ்வளவு தூரம்தான் ஒரு பிளாக். மூலையில் பிளாக்குக்குப் பதில் வெறும் முக்கோணம் இருந்தால், பிளாக்குகளை மூலைவாட்டமாகத் திருப்பி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். கைப்பேசியைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் விளங்கிவிடும். பிளாக்குகளுக்கு நடுவே ஒரே நிறத்தில் குறுகிய பட்டைகள் ஓடினால் அவை பிளாக்கைச் சேர்ந்தவை அல்ல; அவற்றைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள்.

படத்தில் தெரியும் எல்லாக் கோடும் இணைப்புத் தையல் அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். ஒட்டுப்போர்வையில் மேல்துணி, நடுவில் பஞ்சு அல்லது தடித்த துணி, அடித்துணி என மூன்று அடுக்கு உண்டு. மூன்றையும் சேர்த்துப் பிடிக்க மேலே ஓடுதையல் போடுவார்கள். அது சிறு பள்ளமாகத் தெரியும். ஆனால் அதன் இரு பக்கமும் ஒரே துணி தொடர்ந்து ஓடும். இணைப்புத் தையலில் அப்படி ஓடாது. பூப்போட்ட துணியில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். படத்தைப் பெரிதாக்கினால் ஓரிடத்தில் பூவின் இதழ் பாதியில் அறுந்து, அடுத்த பக்கம் வேறு பூவின் தண்டோ வெறும் தரையோ தொடங்கும். அதுதான் தையல். நிறம் ஒன்றாக இருப்பதால் ஒரே துண்டு போலத் தோன்றும் இடங்களில் இந்த அறுந்த பூவே உங்களுக்குச் சான்று. இரு நிறங்கள் நெருங்கி இருந்து பிரித்தறிய முடியாவிட்டால், படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எது இருண்ட துணி, எது வெளிறிய துணி என்பது உடனே தெரிந்துவிடும்; பின்னர் நீங்கள் துணி தேர்ந்தெடுக்கும்போதும் அந்த இருள் வெளிச்ச வேறுபாட்டைத்தான் காப்பாற்ற வேண்டும், நிறத்தை அல்ல.

கட்டத்தை எண்ணுதல்

படத்தின் மேல் அளவுகோலை வைத்து அளக்காதீர்கள். படம் பெரும்பாலும் சற்றுச் சாய்வாக எடுக்கப்பட்டிருக்கும். தொலைவில் இருக்கும் பக்கம் குறுகியும் அருகில் இருக்கும் பக்கம் அகன்றும் தெரியும். அளவு பொய் சொல்லும், எண்ணிக்கை பொய் சொல்லாது. வாசலில் போட்ட கோலத்தைப் பார்த்து வந்து வீட்டில் போடுகிறவர் நெளிவு சுளிவுகளை மனப்பாடம் செய்வதில்லை; எத்தனை புள்ளி, எத்தனை வரிசை என்று எண்ணிக்கொண்டு வருகிறார், கோடு தானாக வந்துவிடுகிறது. இங்கே புள்ளிக்குப் பதில் கட்டம்.

பிளாக்கின் ஓரத்தில் இருக்கும் மிகச் சிறிய துண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தத் துண்டின் அகலம் ஓர் ஓரத்தில் எத்தனை முறை அடங்கும் என்று எண்ணுங்கள். விடை 3 அல்லது 6 என்று வந்தால் அது மூன்றுக்கு மூன்று குடும்பம், அதாவது ஒன்பது கட்டம். 2, 4, 8 என்று வந்தால் நான்கு கட்டக் குடும்பம். ஓர் ஓரத்துக்கு 5 கட்டம், 7 கட்டம் கொண்டவையும் உண்டு. பெரும்பாலான பழைய பிளாக்குகள் இந்த நான்கு குடும்பங்களுக்குள் அடங்கிவிடும்.

7 கட்டத்தைப் புதியவர்கள் எளிதில் தவறவிடுவார்கள். பேர்ஸ் பா, அதாவது கரடியின் பாதம் என்று அழைக்கப்படும் பிளாக்கைப் பாருங்கள். நான்கு மூலையிலும் நான்கு பாதங்கள், நடுவில் சிலுவை போல ஒரு பட்டை. பார்த்தவுடன் நான்கின் குடும்பம் என்று தோன்றும். ஒரு பாதத்தை மட்டும் எடுத்து எண்ணினால், உள்ளங்கால் போன்ற பெரிய சதுரம் இரண்டு கட்ட அகலமும் நகம் போன்ற சிறு முக்கோணங்கள் ஒரு கட்ட அகலமுமாகப் பாதத்துக்கு மூன்று கட்டம் வரும். நடுப்பட்டைக்கு ஒன்று. மூன்றும் ஒன்றும் மூன்றும் சேர்ந்து ஏழு.

எண்ணி முடித்ததும் தாளில் வரைந்துவிடுங்கள். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் கணக்குப் போடும் சதுரக் கட்டப் புத்தகம் இதற்குப் போதுமானது. படத்தில் உள்ள ஒவ்வொரு தையலையும் பென்சிலால் அதே இடத்தில் இழுத்து, இருண்ட துணி வரும் துண்டுகளைத் தீட்டிவிடுங்கள். வரைந்ததும் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முக்கோணம் எந்தத் திசையில் சாய்கிறது என்பதில்தான் தவறு நேரும், அதை மட்டும் இரண்டாம் முறை பாருங்கள்.

பெயரை நம்பிப் போக வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். இந்த வடிவங்களில் மிகப் பல அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு, பத்திரிகைக்குப் பத்திரிகை கைமாறி வந்தவை. கன்சாஸ் சிட்டி ஸ்டார் என்ற நாளிதழ் மட்டுமே 1928 முதல் 1961 வரை இத்தகைய வடிவங்களை அச்சிட்டு வந்தது. ஒரே பிளாக்குக்கு ஊருக்கொரு பெயர் உண்டு. ஒரே பெயரில் வேறுபட்ட பிளாக்குகளும் உண்டு. பெயரைக் கொண்டு தேடி எடுத்த அளவு உங்கள் படத்துக்குப் பொருந்தாமல் போகலாம். நீங்கள் எண்ணிய கட்டம் பொருந்தாமல் போகாது.

ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு நட்சத்திரங்கள்

புதியவர்கள் கொண்டுவரும் படங்களில் அடிக்கடி காணப்படுவது எட்டு முனை நட்சத்திரம். நடுவில் ஒரு சதுரம், ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு முனை, நான்கு மூலையிலும் வெறும் சதுரம். இந்த வருணனைக்கு ஓஹாயோ ஸ்டார், சாடூத் ஸ்டார் என்ற இரண்டு பிளாக்குகள் பொருந்தும். இரண்டையும் வெட்டும் முறை வேறு, தைக்கும் முறையும் வேறு. ஒன்றின் அளவுக்குத் துணியை வெட்டி மற்றதைத் தைக்க முயன்றால் எதுவும் சேராது. எனவே இந்த இடத்தில் சற்று நின்று பார்ப்பது நல்லது.

நடுச் சதுரத்தைப் பாருங்கள். அதன் அகலம் பிளாக்கின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கா, பாதியா? மூன்றில் ஒரு பங்கு என்றால் ஓஹாயோ ஸ்டார், அது ஒன்பது கட்டக் குடும்பம். பாதி என்றால் சாடூத் ஸ்டார். அது நான்கு கட்டக் குடும்பம். ஓரத்துக்கு நான்காக மொத்தம் பதினாறு கட்டம் கொண்டது, நடுச் சதுரம் மட்டுமே நான்கு கட்டத்தை எடுத்துக்கொள்ளும். படம் சாய்ந்திருப்பதால் பங்கைக் கணிக்க முடியவில்லையென்றால், பக்கவாட்டில் இருக்கும் முனைகளைப் பாருங்கள். ஓஹாயோ ஸ்டாரில் ஒவ்வொரு பக்கமும் ஒரு சதுரம் இருக்கும், அதற்குள் மூலைக்கு மூலை இரண்டு தையல் குறுக்காகச் சென்று நடுவில் வெட்டிக்கொள்ளும். நான்கு முக்கோணங்களின் நுனி ஒரே புள்ளியில் கூடும். சாடூத் ஸ்டாரில் பக்கவாட்டுத் துண்டு சதுரமாக இராது. உயரத்தைப்போல் இரு மடங்கு அகலமுள்ள நீள்சதுரமாக இருக்கும். அதில் ஒரு பெரிய முக்கோணமும் அதன் இருபுறம் இரண்டு சிறிய முக்கோணங்களுமாக மொத்தம் மூன்றே துண்டுகள். பெரிய முக்கோணத்தின் நுனி நடுச் சதுரத்தின் விளிம்பைத் தொடும். ஃபிளையிங் கீஸ் என்று தையற்காரர்கள் குறிப்பிடுவது இந்த நீள்சதுரத்தைத்தான்.

நடுவில் சதுரமே இல்லாமல், எட்டு வைரத் துண்டுகள் ஒரே புள்ளியில் கூடினால் அது வேறு வகை. லெமாய்ன் ஸ்டார் எனப்படும் அந்தப் பிளாக் கட்டத்துக்குள் அடங்காது: 12 அங்குலப் பிளாக்கில் அதன் மூலைச் சதுரம் ஏறத்தாழ 3.51 அங்குலம் வரும், அதைச் சதுரக் கட்டத்தில் எண்ணிப் பிடிக்க முடியாது. மூலைச் சதுரங்களையும் பக்க முக்கோணங்களையும் இரண்டு வைரங்களுக்கு இடையே உள்ள இடுக்கில் வைத்துத் திருப்பித் தைக்கவும் வேண்டும். முதல் பிளாக்குக்கு அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஆனால் வைரம் போலத் தெரிவதைப் பெரிதாக்கிப் பார்த்து, அதன் நடுவே தையல் ஒன்று ஓடினால் பயப்பட வேண்டாம். அது இரண்டு முக்கோணங்களைச் சேர்த்து வைரம் போலக் காட்டியது, கட்டத்துக்குள் அடங்கிவிடும்.

எதை முதலில் இணைப்பது

வரைபடம் கையில் இருக்கிறது. இனித் தைக்கும் வரிசையைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஒரே கேள்விதான்: பிளாக்கின் ஓர் ஓரத்திலிருந்து எதிர் ஓரம் வரை முறியாமல் நேராக ஓடும் தையல் எது? அந்தத் தையல்தான் கடைசியாகப் போட்டது. அந்தக் கோட்டில் வரைபடத்தை இரண்டாக வெட்டுங்கள். கிடைத்த ஒவ்வொரு பகுதியிலும் அதே கேள்வியை மறுபடியும் கேளுங்கள். இப்படியே வெட்டிக்கொண்டு போனால் கடைசியில் தனித்தனிச் சதுரமும் முக்கோணமும் மிஞ்சும். வெட்டிய வரிசையைத் தலைகீழாக்கினால் அதுவே தைக்கும் வரிசை. மனத்தால் செய்ய இயலாதவர்கள் வரைபடத்தை இன்னொரு தாளில் படியெடுத்துக் கத்தரிக்கோலால் உண்மையிலேயே வெட்டிப் பார்க்கலாம். நான் புதியவர்களுக்கு அதைத்தான் பரிந்துரைப்பேன், ஏனெனில் வெட்டிய தாள்களை மேசையில் பரப்பியவுடன் குழப்பம் பெருமளவு தீர்ந்துவிடுகிறது.

ஓஹாயோ ஸ்டாரில் இடமிருந்து வலமாக இரண்டு கோடுகள் முழுமையாக ஓடும். அவற்றில் வெட்டினால் மூன்று வரிசை. ஒவ்வொரு வரிசையையும் மேலிருந்து கீழாக வெட்டினால் மூன்று சதுரம். ஐந்து சதுரங்கள் வெறுமையானவை, நான்கில் முக்கோணங்கள். முக்கோணச் சதுரத்தை மூலைக்கு மூலை வெட்டினால் இரண்டு பாதி, ஒவ்வொரு பாதியிலும் இரண்டு முக்கோணம். ஆகவே முதலில் முக்கோணங்களை இரண்டிரண்டாகச் சேர்த்து, பின் பாதிகளைச் சேர்த்துச் சதுரமாக்கி, சதுரங்களை வரிசையாக்கி, வரிசைகளை இணைக்க வேண்டும்.

லாக் கேபின் என்ற பிளாக்கில் கட்டம் எண்ணுவது உதவாது. நடுவில் சிறு சதுரம், அதைச் சுற்றிச் சுற்றி நீளப் பட்டைகள். இங்கும் அதே கேள்வி விடை தருகிறது. வெளிச்சுற்றில் இருக்கும் நான்கு பட்டைகளில் ஒன்றுதான் ஓர் ஓரம் முழுவதையும் எடுத்துக்கொண்டிருக்கும். மற்ற மூன்றும் ஏதாவது ஒரு முனையில் இன்னொரு பட்டையில் முட்டி நிற்கும். முழு ஓரத்தையும் எடுத்துக்கொண்டதே கடைசியாக இணைத்த பட்டை. அதை விரலால் மறைத்துவிட்டுப் பார்த்தால் அதற்கு முந்தியது தெரியும்.

சில படங்களில் ஓரத்திலிருந்து ஓரம் வரை ஓடும் கோடு ஒன்றுகூட இருக்காது. நடுச் சதுரத்தைச் சுற்றி நான்கு நீள்சதுரங்கள் காற்றாடி போல ஒன்றன் வாலை ஒன்று பிடித்து நிற்கும் அமைப்பு அதற்கு எடுத்துக்காட்டு. அங்கே முதல் நீள்சதுரத்தை நடுச் சதுரத்தோடு பாதி தூரம் மட்டும் தைத்து நிறுத்திவிட்டு, மற்ற மூன்றையும் சுற்றி இணைத்த பிறகு, விட்ட பாதியைத் தைத்து முடிக்க வேண்டும்.

அளவும் கணக்கும்

இப்போதுதான் அங்குலத்தைப் பற்றி எண்ண வேண்டும். ஒன்பது கட்டப் பிளாக்குக்கு 9 அல்லது 12 அங்குலம், பதினாறு கட்டத்துக்கு 8 அல்லது 12, ஓரத்துக்கு ஐந்து கட்டம் என்றால் 10, ஏழு கட்டம் என்றால் 14 என்று, ஓர் ஓரத்தில் வரும் கட்ட எண்ணால் (3, 4, 5, 7) மீதியின்றி வகுபடும் அளவைத் தேர்ந்தெடுத்து வகுத்துவிடுங்கள். கிடைக்கும் எண் தைத்து முடிந்தபின் தெரியும் அளவு. வெட்டும் அளவு அதைவிடப் பெரியது, ஏனெனில் எல்லாப் பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடும். அளவுநாடாவில் ஒரு பக்கம் அங்குலமும் மறுபக்கம் சென்டிமீட்டரும் இருக்கும். கீழே வரும் கூட்டல் எண்கள் அங்குலத்துக்கு உரியவை, இரண்டையும் கலக்காதீர்கள்.

சதுரமும் நீள்சதுரமும் என்றால், தைத்த நீளத்தோடும் அகலத்தோடும் தலா ½ அங்குலம் கூட்டுங்கள். ஒரு கட்டத்தை மூலைவாட்டமாக இரண்டாகப் பிரித்த முக்கோணம் என்றால், தைத்த கட்ட அளவோடு ⅞ அங்குலம் கூட்டிச் சதுரம் வெட்டி, அதை மூலைக்கு மூலை ஒரு முறை வெட்டுங்கள். இரண்டு முக்கோணம் கிடைக்கும். ஒரு கட்டத்தை நான்காகப் பிரித்த முக்கோணம் என்றால் 1¼ அங்குலம் கூட்டிச் சதுரம் வெட்டி, இரு மூலைவாட்டத்திலும் வெட்டுங்கள், நான்கு கிடைக்கும். ⅞ என்பது எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்காக: கால் அங்குல ஓரம் முக்கோணத்தின் கூர்நுனியில் நீண்டுவிடுகிறது, கணக்குப்படி கால் அங்குலத்தின் 3.41 மடங்கு, அதாவது 0.85 தேவை, அளவுகோலில் பிடிக்க வசதியாக ⅞ என்று வைத்துக்கொள்கிறோம். நான்காகப் பிரிப்பதில் 4.83 மடங்கு, 1.21 அங்குலம், அது 1¼ ஆகிறது.

ஒரே கட்டத்துக்கு இரண்டு விதி ஏன் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். துணி பாவு (நீளநூல்) வழியாகவும் ஊடை (குறுக்குநூல்) வழியாகவும் இழுபடாது. மூலைவாட்டத்தில் இழுத்தால் நீளும். பிளாக்கின் வெளி ஓரமாக வரும் பக்கம் நேர்நூலில், அதாவது பாவோ ஊடையோ ஓடும் திசையில் இருந்தால்தான் பிளாக் சதுரமாக நிற்கும். சதுரத்தை இரண்டாக வெட்டும்போது முக்கோணத்தின் இரு குட்டைப் பக்கங்கள் நேர்நூலில் வரும். நான்காக வெட்டும்போது நீளப் பக்கம் நேர்நூலில் வரும். படத்தில் முக்கோணத்தின் எந்தப் பக்கம் வெளி ஓரத்தில் இருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்ற விதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

12 அங்குல ஓஹாயோ ஸ்டாருக்குக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 12 ஐ 3 ஆல் வகுத்தால் ஒரு கட்டம் 4 அங்குலம். வெறும் சதுரங்கள் 4½ அங்குலத்தில்: மூலைக்குத் தரைத்துணியில், அதாவது நட்சத்திரத்தின் பின்னணியாக வரும் துணியில் நான்கு, நடுவுக்கு ஒன்று. முக்கோணங்கள் மொத்தம் பதினாறு, நட்சத்திரத் துணியில் எட்டு, தரைத்துணியில் எட்டு. ஒரு சதுரத்திலிருந்து நான்கு வருவதால், 5¼ அங்குலச் சதுரம் ஒவ்வொரு துணியிலும் இரண்டு போதும். அதே 12 அங்குலத்தில் சாடூத் ஸ்டார் என்றால் ஒரு கட்டம் 3 அங்குலம்: நடுச் சதுரம் 6½, மூலைச் சதுரம் 3½ அங்குலத்தில் நான்கு, தரைத்துணியில் 7¼ அங்குலச் சதுரம் ஒன்றை நான்காக வெட்டியவை, நட்சத்திரத் துணியில் 3⅞ அங்குலச் சதுரம் நான்கை இரண்டிரண்டாக வெட்டியவை.

துணியும் வெட்டும்

பருத்தியே முதல் வேலைக்கு உகந்தது. ரவிக்கை உள்துணியாகப் பயன்படும் பருத்தித்துணி எல்லா நிறத்திலும் கிடைக்கும், இஸ்திரிக்கு நன்றாகப் படியும். பழைய பாத்திக் கைலியும் அருமையான துணிதான். அதன் உடற்பகுதியில் இருக்கும் சிறிய வேலைப்பாட்டை முக்கோணங்களுக்கும், தலைப்பகுதியில் இருக்கும் பெரிய பூவை நடுச் சதுரத்துக்கும் வைத்தால் பிளாக்கின் அழகே வேறு. புதிய துணியாக இருந்தால் வெட்டுவதற்கு முன்பே நனைத்து அலசிக் காயவைத்துவிடுங்கள்: சுருங்குவது அப்போதே சுருங்கிவிடும், சாயம் போகிற துணி எது என்பதும் தெரிந்துவிடும். பிள்ளைகளின் நீலப் பள்ளிச் சீருடை, பளபளக்கும் பஞ்சாபி சூட் துணி ஆகியவற்றில் செயற்கை இழை கலந்திருப்பதால் அவை பருத்தியோடு சேர்த்துத் தைக்கையில் நழுவும், இஸ்திரிச் சூட்டையும் தாங்காது. அவற்றைத் தனியாக வைத்து, கை பழகிய பின் தொடுங்கள்.

துணியின் கரையை வெட்டி நீக்கிவிட்டு, நேர்நூல் பார்த்து வெட்டுங்கள். ரோட்டரி கட்டர் என்ற உருளும் சக்கரக் கத்தி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பிஸ்கட் அட்டையில் அளவுச் சதுரம் செய்து, அதைத் துணியில் வைத்துக் கூரிய பென்சிலால் கோடு போட்டு, கோட்டின் உள்விளிம்பில் வெட்டலாம். தடித்த சாக்குக்கட்டிக் கோடு வேண்டாம். ஒவ்வொரு துண்டிலும் ஒரு நூல் அகலம் கூடினாலும் ஒன்பது கட்டத்தில் அது பெரிதாகிவிடும்.

தைத்தலும் சரிபார்த்தலும்

பிளாக்கைத் தொடுவதற்கு முன் உங்கள் கால் அங்குலம் உண்மையிலேயே கால் அங்குலமா என்று சோதியுங்கள். 1½ அங்குல அகலத்தில் மூன்று பட்டை வெட்டி, நீளவாட்டில் இணைத்து, இஸ்திரி போட்டு அளந்தால், நடுப்பட்டை சரியாக 1 அங்குலமும் மொத்தம் 3½ அங்குலமும் இருக்க வேண்டும். குறைந்தால் உங்கள் தையல் ஓரம் அகலமாக இருக்கிறது. ஊசியிலிருந்து சரியான தூரத்தில் இயந்திரத்தின் தட்டில் ஒட்டுநாடா ஒட்டி, துணியின் விளிம்பை அதன் ஓரமாகவே செலுத்துங்கள். பிளாக் தைக்கிறவர்கள் கால் அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவாகவே தைப்பார்கள், ஏனெனில் துணி மடியும் இடமும் கொஞ்சம் அகலத்தை எடுத்துக்கொள்கிறது.

ஓஹாயோ ஸ்டாரின் முக்கோணச் சதுரத்துக்கு, துணியை முன்கூட்டியே முக்கோணமாக வெட்டாமல் தைக்கும் வழி உண்டு. நட்சத்திரத் துணியில் ஒரு 5¼ அங்குலச் சதுரத்தையும் தரைத்துணியில் ஒன்றையும் முகத்தோடு முகம் வைத்து, பின்பக்கத்தில் மூலைக்கு மூலை கோடு போட்டு, கோட்டின் இருபுறமும் கால் அங்குலத் தொலைவில் தைத்து, கோட்டில் வெட்டுங்கள். இரண்டு சதுரம் கிடைக்கும். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரு நிறம் எதிர் நிறத்தின்மேல் படும்படி வைத்து, முன்பு தைத்த தையலுக்குக் குறுக்காக அதேபோலச் செய்தால் நான்கு முக்கோணம் கொண்ட சதுரங்கள் இரண்டு வந்துவிடும். மீதி இரண்டு சதுரங்களுக்கும் இவ்வாறே செய்யுங்கள். இதில் மூலைவாட்ட விளிம்பைத் தனியாகக் கையாள வேண்டியதில்லை என்பதால் இழுபடாது. தொடக்கத்தில் 5½ அங்குலமாக வெட்டித் தைத்து, பிறகு 4½ ஆகச் சீராக்கிக்கொள்வது இன்னும் பாதுகாப்பானது. சீராக்கும்போது நான்கு நுனிகள் கூடும் புள்ளி அளவுகோலின் 2¼ இல் நிற்க வேண்டும்.

ஒவ்வொரு தையலுக்கும் பிறகு இஸ்திரி போடுங்கள். பெட்டியைத் தேய்க்காமல் வைத்து எடுங்கள். தையல் ஓரம் இருண்ட துணியின் பக்கம் சாய்ந்தால் வெளிறிய துணியின் வழியே தெரியாது. வரிசைகளில் மட்டும் வேறு கணக்கு: முதல் வரிசையிலும் மூன்றாம் வரிசையிலும் ஓரங்களை வெளிப்பக்கம் இருக்கும் மூலைச் சதுரங்களை நோக்கியும், நடு வரிசையில் நடுச் சதுரத்தை நோக்கியும் சாய்த்துவிடுங்கள். வரிசைகளை ஒன்றின்மேல் ஒன்று வைக்கும்போது எதிரெதிர்த் திசையில் சாய்ந்த ஓரங்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும், விரலால் தடவினாலே இடம் தெரியும். அங்கே குண்டூசி குத்தித் தைத்தால் நான்கு மூலைகளும் ஒரே புள்ளியில் சேரும்.

முடிந்த பிளாக் 12½ அங்குலம் இருக்க வேண்டும். நட்சத்திர முனைகள் துணியின் விளிம்பைத் தொடாமல் கால் அங்குலம் உள்ளே நிற்கின்றனவா என்று பாருங்கள். விளிம்பையே தொட்டுக்கொண்டிருந்தால் அடுத்த தையலில் நுனி வெட்டுண்டு போகும். பிறகு பிளாக்கைப் படமெடுத்து, மூலப் படத்தின் அருகில் வைத்துக் கறுப்பு வெள்ளையில் ஒப்பிடுங்கள். ஏதோ ஒரு சதுரம் திரும்பிப் போயிருந்தால் கண்ணில் படாதது படத்தில் உடனே படும்.

ஒரே பிளாக்கோடு நிறுத்திக்கொள்ள விரும்புகிறவர்கள் அதைத் தலையணை உறையாக்கலாம். 2½ அங்குல அகலத்தில் நான்கு பட்டை வெட்டுங்கள். இரண்டு 12½ அங்குல நீளம், இரண்டு 16½ அங்குல நீளம். குட்டையானவற்றை எதிரெதிர் ஓரங்களில் முதலில் இணைத்து, பிறகு நீளமானவற்றை மற்ற இரு ஓரங்களில் இணைத்தால் 16 அங்குலத் தலையணைக்கு முன்பக்கம் தயார். நம் ஊர் வெக்கைக்குத் தடித்த பஞ்சு தேவையில்லை. பழைய படுக்கை விரிப்பு ஒரு மடிப்பை உள்ளே வைத்து ஓடுதையல் போட்டுவிட்டு, அதன் பிறகு பின்பக்கத் துணியை இணைத்தால் போதும்.